எம்.பி. சம்பளம், படி, ஓய்வூதியம், கைது விலக்கு: துண்டறிக்கைக்குச் சரியான விவரம் தேவை

பொருநை

வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் வைப்பதற்காக, நாடாளுமன்ற உறுப்பினரின் பதவிக்காலம், ஊதியம், சலுகைகள் பற்றி இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று தயாராகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஒன்றில் சம்பளம் 1 லட்சம், இன்னொன்றில் 1.24 லட்சம், மூன்றாவதில் 2.86 லட்சம். எல்லாவற்றிலும் "இதற்கு வரியே கிடையாது" என்ற வரி மட்டும் தவறாமல் இருக்கிறது.

எனக்குத் தெளிவாக வேண்டியவை: சம்பளம் எது, படி எது, எதற்கு வரி உண்டு? ஒருநாள் எம்.பி.யாக இருந்தாலும் ஓய்வூதியம் உண்டு என்பது உண்மையா? சபாநாயகர் அனுமதி இல்லாமல் எம்.பி.யைக் கைது செய்யவே முடியாதா? 60 நாள் அவைக்கு வராவிட்டால் பதவி போய்விடுமா? விவரம் தெரிந்தவர்கள் சட்டப் பிரிவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

அரசிதழ்

மூன்று எண்களுமே ஓரளவு உண்மைதான். வேறு வேறு காலத்துக் கணக்கும், வேறு வேறு தலைப்புகளும் கலந்துவிட்டன.

அடிப்படை: அரசியல் சாசனத்தின் 106-ஆவது பிரிவு, உறுப்பினர்களின் சம்பளத்தையும் படிகளையும் நாடாளுமன்றமே சட்டம் இயற்றித் தீர்மானிக்கலாம் என்கிறது. அதன்படி வந்ததுதான் 1954-ஆம் ஆண்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சம்பளம், படிகள், ஓய்வூதியச் சட்டம். அப்போது மாதச் சம்பளம் 400 ரூபாய். 2010 திருத்தத்தில் 16,000-இலிருந்து 50,000 ஆனது. அந்த முறை உறுப்பினர்களின் கூட்டுக்குழு 80,001 ரூபாய் பரிந்துரைத்தது. அரசுச் செயலாளரின் சம்பளத்தைவிட ஒரு ரூபாயாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அதன் வாதம். அமைச்சரவை அதை ஏற்கவில்லை.

2018-இல் முறையே மாறியது. அந்த ஆண்டின் நிதிச் சட்டம் வழியாகச் சம்பளம் 1,00,000 ஆனதோடு, 5 ஆண்டுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டின்படி தானாக உயரும் என்ற விதியும் சேர்ந்தது. இங்கே எடுத்துக்கொள்ளும் குறியீடு, சொத்து விற்ற லாபத்துக்கு வரி கணக்கிட வருமான வரிச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் எண். 2018-19-க்கு 280, 2023-24-க்கு 348. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்: 1,00,000-ஐ 348-ஆல் பெருக்கி 280-ஆல் வகுத்தால் 1,24,285 வரும். அதை முழுமையாக்கி 1,24,000 என்று நிர்ணயித்தார்கள். தினப்படி 2,000-க்கு அதே கணக்கில் 2,486 வரும், அது 2,500 ஆனது. ஓய்வூதியம் 25,000-க்கு 31,071 வரும், அது 31,000 ஆனது.

இந்த உயர்வுக்கான அறிவிக்கை 2025 மார்ச் 24-இல் வந்தது. நடைமுறைக்கு வந்த தேதியோ 2023 ஏப்ரல் 1. அதனால் இடைப்பட்ட 24 மாதமும் பதவியில் இருந்தவருக்குச் சம்பளத்தில் மட்டும் 5,76,000 ரூபாய் நிலுவை. 2024-இல் அச்சான பொது அறிவு நூல்களில் 1 லட்சம் என்று இருப்பதற்கு இதுவே காரணம். அவை வெளியானபோது அது சரியான எண். அடுத்த மாற்றம் 2028 ஏப்ரல் 1-ஐ அடிப்படையாக வைத்து வரவேண்டும்.

இனி 2.86 லட்சம். சம்பளம் 1,24,000. தொகுதிப்படி 87,000. அலுவலகச் செலவுப்படி 75,000. மூன்றையும் கூட்டினால் 2,86,000. ஆனால் அந்த 75,000-இல் 50,000 எம்.பி.யின் உதவியாளருக்கு உரியது. எம்.பி. சான்றளித்ததும் அவைச் செயலகமே உதவியாளருக்கு நேராகக் கொடுத்துவிடும். மீதி 25,000 எழுதுபொருள், தபால் போன்றவற்றுக்கு. ஆகவே "எம்.பி. கைக்கு 2.86 லட்சம்" என்று துண்டறிக்கையில் போடாதீர்கள். மூன்று வரியாகப் பிரித்தே போடுங்கள். அறைகலனுக்கு 1,25,000 உண்டு. அது மாதாமாதம் வருவது அல்ல.

தினப்படி 2,500 ரூபாய் கூட்டத்தொடர் நடக்கும் நாட்களுக்கும் குழுக் கூட்டங்களுக்கும் உரியது. கூட்டத்தொடருக்கு முன்னும் பின்னும் மும்மூன்று நாள் வரை டெல்லியில் தங்கினால் அதற்கும் உண்டு. நிபந்தனை ஒன்றுதான்: அவை கூடும் நாளில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்க வேண்டும். இடையில் வரும் விடுமுறை நாட்களுக்குக் கையெழுத்து தேவையில்லை. அவை பத்தே நிமிடத்தில் ஒத்திவைக்கப்பட்டாலும், கையெழுத்துப் போட்டவருக்கு அன்றைய படி உண்டு. அவை நடத்தவிடாமல் செய்த நாளுக்கும் படி கொடுப்பது சரியல்ல என்பது என் கருத்து. ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

இன்னொன்று. அமைச்சர்கள் இந்தப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை. வருகை விவரப் பட்டியலில் அவர்கள் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லாததைப் பார்த்து "அமைச்சர் ஒருநாள்கூட வரவில்லை" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்தத் தவறு உங்கள் தாளில் வரவேண்டாம்.

வரிக்கணக்கு

"வரியே கிடையாது" என்பது தவறு. "எல்லாவற்றுக்கும் வரி உண்டு" என்று எழுதினாலும் தவறுதான். தலைப்பு வாரியாகப் பார்க்க வேண்டும்.

எம்.பி. அரசின் ஊழியர் அல்ல. முதலாளி, தொழிலாளி உறவு இல்லாததால் அவருடைய 1,24,000 ரூபாய், வரிச் சட்டத்தில் "சம்பளம்" என்ற தலைப்பில் வராது. "இதர வருமானம்" என்ற தலைப்பில் வரும். இதனால் நேரடி விளைவு ஒன்று உண்டு: மாதச் சம்பளக்காரர்கள் கணக்குக் கேட்காமலே கழித்துக்கொள்ளும் நிலையான கழிவு எம்.பி.க்குக் கிடையாது. அமைச்சராக இருப்பவர் வாங்குவது சம்பளத் தலைப்பில் வரும். எம்.பி.யின் கணக்கை அமைச்சரின் கணக்கு மாதிரி போட்டுவிட்டால் அங்கேயே பிசகிவிடும்.

தினப்படிக்கும் தொகுதிப்படிக்கும் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(17) பிரிவில் விலக்கு இருக்கிறது. வாட்ஸ்அப் வரி இங்கிருந்துதான் கிளம்பியிருக்கும். ஆனால் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் விட்டுக்கொடுக்க வேண்டிய விலக்குகளின் பட்டியல் 115பிஏசி பிரிவில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் 10(17)-உம் உண்டு. 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறைதான் இயல்பான முறை. பழைய முறை வேண்டும் என்று கணக்குத் தாக்கலில் குறிப்பிடாவிட்டால், தொகுதிப்படியும் தினப்படியும் வரிக்கு உட்பட்டுவிடும்.

எவ்வளவு வித்தியாசம் என்று 2025-26 நிதியாண்டுக்குப் போட்டுக் காட்டுகிறேன். 60 வயதுக்குக் கீழ், வேறு வருமானமோ சேமிப்புக் கழிவோ இல்லாத எம்.பி. என்று வைத்துக்கொள்வோம். தினப்படியையும் அலுவலகப்படியையும் கணக்கில் சேர்க்கவில்லை. ஆண்டுச் சம்பளம் 14,88,000. பழைய முறையில் இதற்கு மட்டும் வரி: 2,58,900, அதோடு 4 சதவீத மேல்வரி, ஆக 2,69,256. புதிய முறையில் தொகுதிப்படி 10,44,000-உம் சேர்ந்து வருமானம் 25,32,000 ஆகிறது. வரி 3,39,600, மேல்வரியோடு 3,53,184. கிட்டத்தட்ட 84,000 ரூபாய் கூடுதல். தினப்படியையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

தொழில் வருமானம் இல்லாதவர் ஒவ்வோர் ஆண்டும் முறையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் பழைய முறை கிடைக்கும். தாமதமாகத் தாக்கல் செய்தால் அந்த ஆண்டுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதன்பின் பிரிவு எண்களை அந்தச் சட்டத்தில் பார்த்துத்தான் போட வேண்டும்.

நார்த்அவென்யூ

ஓய்வூதியம், வீடு, பயணம் பற்றி நான் சொல்கிறேன்.

ஒருநாள் கதை: 1954-ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டத்தின் 8ஏ பிரிவு "எவ்வளவு காலம் பணியாற்றியிருந்தாலும்" என்றுதான் சொல்கிறது. குறைந்தபட்சக் காலம் என்று எதுவும் இல்லை. ஆகவே அடிப்படைச் செய்தி சரி. 1976-இல் இத்திட்டம் வந்தபோது மாதம் 300 ரூபாய், 5 ஆண்டுப் பணி வேண்டும் என்று இருந்தது. பின்னாளில் அந்த நிபந்தனை போய்விட்டது.

இன்றைய கணக்கு: 31,000 அடிப்படை. 5 ஆண்டுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதம் 2,500 கூடுதல். ஒருமுறை மாநிலங்களவையில் 6 ஆண்டு இருந்தவருக்கு 33,500. மக்களவையில் இரண்டு முழுப் பதவிக்காலம், அதாவது 10 ஆண்டு இருந்தவருக்கு 31,000-உம் 12,500-உம் சேர்ந்து 43,500. இரு அவைகளிலும் இருந்த காலத்தைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். மறைந்தால் துணைவருக்குப் பாதி.

எப்போது நிற்கும் என்பதையும் போடுங்கள், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முன்னாள் எம்.பி. குடியரசுத் தலைவர், குடியரசுத் துணைத் தலைவர், ஆளுநர் ஆகிய பதவிகளுக்கு வந்தாலோ, மறுபடி எம்.பி. ஆனாலோ, எம்.எல்.ஏ. ஆனாலோ, அரசிடமோ அரசு நிறுவனத்திலோ சம்பளத்துக்கு அமர்ந்தாலோ, அந்தக் காலம் முழுவதும் எம்.பி. ஓய்வூதியம் கிடையாது. ஆனால் பழைய எம்.எல்.ஏ. பதவிக்காக மாநிலச் சட்டப்படி வரும் ஓய்வூதியத்தை இதோடு சேர்த்து வாங்க மத்தியச் சட்டத்தில் தடை இல்லை. சாசனத்தின் 106-ஆவது பிரிவில் "ஓய்வூதியம்" என்ற சொல்லே இல்லையே என்று தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. முன்னாள் எம்.பி. ரயிலில் ஒரு துணையோடு ஏசி இரண்டடுக்கில், அல்லது தனியாக ஏசி முதல் வகுப்பில் போகலாம்.

வீடு: அடுக்குமாடி வீடோ விடுதி அறையோ என்றால் வாடகை இல்லை. பங்களா கேட்டு வாங்கினால் உரிமக் கட்டணம் உண்டு. ஒதுக்கீடு அந்தந்த அவையின் வீட்டுவசதிக் குழு கையில். ஆண்டுக்கு மின்சாரம் 50,000 யூனிட், தண்ணீர் 4,000 கிலோலிட்டர் வரை கட்டணம் இல்லை. கேட்பவர் யாருக்கும் இந்த எண்கள் உறுத்தும். சாதாரணக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 3,000 யூனிட் ஓடினாலே அதிகம். இந்த உச்சவரம்பைக் குறைப்பதில் யாருக்கும் எந்தக் கஷ்டமும் வராது என்று உறுதியாக நம்புகிறேன்.

பதவி போனதும் ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முன்பெல்லாம் நோட்டீஸ், பதில், மேல்முறையீடு என்று இழுத்தடித்தார்கள். 2019-இல் பொதுக் கட்டடங்களிலிருந்து வெளியேற்றும் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது மூன்று வேலை நாட்களுக்குள் காரணம் காட்டச் சொல்லிவிட்டு, உடனே வெளியேற்ற உத்தரவிடலாம். நீதிமன்றம் போய் வீட்டில் தங்கினால் மாதாமாதம் இழப்பீட்டுத் தொகை கட்ட வேண்டும்.

பயணம்: ஆண்டுக்கு 34 ஒருவழி விமானப் பயணம். துணைவரோ உடன்வருபவரோ வந்தால் அதுவும் இந்த 34-லிருந்தே கழியும். சென்னையிலிருந்து கணவனும் மனைவியும் ஒருமுறை டெல்லி போய்த் திரும்பினால் நான்கு கழிந்துவிடும். கூட்டத்தொடருக்கும் குழுக் கூட்டத்துக்கும் போய்வருவது தனிக் கணக்கு.

பொருநை

நார்த்அவென்யூ சார், அரசிதழ் சார், வரிக்கணக்கு, மூவருக்கும் நன்றி. தொகுதி மேம்பாட்டு நிதி 5 கோடியை எந்த வரிசையில் சேர்ப்பது? அதைச் சம்பளப் பட்டியலில் சேர்த்துத்தான் இங்கே எல்லோரும் பேசுகிறார்கள்.

அரசிதழ்

எந்த வரிசையிலும் சேர்க்கக்கூடாது. 1993 டிசம்பர் 23-இல் அறிவித்த திட்டம் அது. முதல் ஆண்டு 5 லட்சம், 1994-95-இல் 1 கோடி, 1998-99-இல் 2 கோடி, 2011-12 முதல் 5 கோடி. எம்.பி. வேலையைப் பரிந்துரைப்பார். ஒப்புதல், மதிப்பீடு, ஒப்பந்தம் எல்லாம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. பணம் எம்.பி. கணக்குக்கு ஒரு நொடிகூட வராது. 2023 ஏப்ரல் முதல் பரிந்துரையிலிருந்து பட்டுவாடா வரை இ-சாக்ஷி இணையதளம் வழியாகத்தான். ஆண்டு ஒதுக்கீட்டில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கும் போக வேண்டும். மாநிலங்களவை உறுப்பினர் தன் மாநிலத்தில் எங்கு வேண்டுமானாலும், நியமன உறுப்பினர் நாட்டில் எங்கு வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். கொரோனா காலத்தில் இத்திட்டத்தை நிறுத்தி, 2021 நவம்பரில் மீண்டும் தொடங்கினார்கள். அதே காலத்தில் ஓராண்டுக்குச் சம்பளத்திலும் 30 சதவீதம் பிடித்தார்கள்.

கருப்பங்கி

கைது பற்றிச் சொல்கிறேன். இதில்தான் தவறான நம்பிக்கை அதிகம்.

உரிமையியல் வழக்கு வேறு, குற்ற வழக்கு வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 135ஏ பிரிவின்படி, கடன் தீர்ப்பை நிறைவேற்றுவது போன்ற உரிமையியல் காரணத்துக்காக எம்.பி.யை அவை நடக்கும்போதும், அதற்கு 40 நாள் முன்னும், 40 நாள் பின்னும் கைது செய்யக்கூடாது. ஆண்டுக்கு மூன்று கூட்டத்தொடர், ஒவ்வொன்றின் இருபுறமும் நாற்பது நாள் என்று பார்த்தால் ஆண்டின் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும்.

குற்ற வழக்கில் இந்தப் பாதுகாப்பு அறவே இல்லை. தடுப்புக் காவலிலும் இல்லை. அவை நடந்துகொண்டிருக்கும்போதுகூட, அவை வளாகத்துக்கு வெளியே காவல்துறை கைது செய்யலாம். சபாநாயகர் அனுமதி தேவைப்படுவது ஒரே இடத்தில்தான்: மக்களவை நடத்தை விதி 232-இன்படி, அவை வளாகத்துக்குள் கைது செய்ய. மற்றபடி தேவைப்படுவது தகவல். விதி 229: கைது செய்த அதிகாரியோ நீதித்துறை நடுவரோ, காரணத்தையும் காவலில் வைத்த இடத்தையும் குறிப்பிட்டு உடனடியாகச் சபாநாயகருக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குரிய படிவம் விதிகளின் இணைப்பிலேயே இருக்கிறது. விடுதலையானால் விதி 230-இன்படி அதையும் தெரிவிக்க வேண்டும். தகவல் தராமல் விட்டாலோ தாமதித்தாலோ, அது உரிமை மீறல் பிரச்சினையாகி அந்த அதிகாரி உரிமைக் குழு முன் நிற்க நேரிடும். "அனுமதி இல்லாமல் கைது செய்துவிட்டார்கள்" என்ற கூச்சலுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது தகவல் தராத குறைதான்.

சிறையிலிருக்கும் எம்.பி. அவைக்கு வரும் உரிமை கோர முடியுமா என்பதற்கு நம் ஊர் வழக்கு ஒன்றே சான்று. திருச்சி எம்.பி.யாக இருந்த கே. ஆனந்த நம்பியார் 1960-களில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்க் காவலில் வைக்கப்பட்டார். தடுப்புக் காவலில் இருப்பவர் உறுப்பினர் என்பதற்காகவே அவையில் கலந்துகொள்ளும் உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றும் கீழ் நீதிமன்றங்கள் சுட்டிக்காட்டும் தீர்ப்பு இது.

பேச்சுரிமை: சாசனத்தின் 105(2) பிரிவு, அவையில் பேசிய எதற்கும், அளித்த எந்த வாக்குக்கும் நீதிமன்ற நடவடிக்கை கூடாது என்கிறது. இது உறுப்பினரின் தனிச்சொத்து அல்ல, அவர் யாருக்காகப் பேசுகிறாரோ அந்த மக்களுக்கான பாதுகாப்பு. அந்த எண்ணம் சரியாக இருந்தால்தான் இதன் எல்லையும் புரியும். 1993-இல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது பணம் வாங்கி வாக்களித்ததாக ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்கள் மீது வழக்கு வந்தது. 1998-இல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பணம் வாங்கி வாக்களித்தவர்களுக்கு 105(2) பாதுகாப்பு உண்டு என்றது. பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்டு வாக்களிக்காமல் இருந்தவருக்கோ பாதுகாப்பு இல்லை என்றது. பேரத்தை முடித்துக்கொடுத்தவர் தப்ப, முடிக்காதவர் மாட்டிய நிலை. 2024 மார்ச் 4-இல் சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு இதை முழுதாக மாற்றியது: லஞ்சம் வாங்கிய கணமே குற்றம் முடிந்துவிடுகிறது, அதன்பின் எப்படி வாக்களித்தார், வாக்களித்தாரா என்பதெல்லாம் பொருட்டல்ல. பழைய நூல்களில் 1998 தீர்ப்பே நடைமுறை என்று இருக்கும், பார்த்து எடுங்கள்.

அவையில் பேசியதை எம்.பி. வெளியே அச்சிட்டுக் கொடுத்தால் அதே பாதுகாப்பு வராது. மேற்கு வங்கச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், தாம் அவையில் கேட்க அனுமதி மறுக்கப்பட்ட கேள்விகளைப் பத்திரிகையில் வெளியிட்டு அவதூறு வழக்கில் சிக்கினார். உச்ச நீதிமன்றம் 1961-இல் அவருக்கு விலக்கில்லை என்றது. அவை நடவடிக்கைகளை உள்ளபடியே வெளியிடும் செய்தித்தாளுக்கு 361ஏ பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது. அவைக்குறிப்பிலிருந்து நீக்கிய பகுதியை வெளியிட்டால் நிலைமை வேறு. நேரலையில் வந்துவிட்ட துண்டுக் காட்சியைப் பின்னால் பகிர்பவர்கள், அந்த வாசகம் நீக்கப்பட்டதா என்று அவைக்குறிப்பில் பார்த்துவிட்டுப் பகிர்வது நல்லது.

மேசைத்தட்டு

60 நாள் விதி. சாசனம் 101(4): அவையின் அனுமதி இல்லாமல் 60 நாள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராமல் இருந்தால், அந்த இடம் காலி என்று அவை அறிவிக்கலாம். "அறிவிக்கலாம்" என்பதைக் கவனியுங்கள். தானாகப் போகாது. அவை தீர்மானிக்க வேண்டும். நடுவில் ஒருநாள் வந்துவிட்டாலும் எண்ணிக்கை அறுந்துவிடும்.

எண்ணும் முறைதான் குழப்பும். கூட்டத்தொடர் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையிலான காலமும், தொடர்ந்து 4 நாளுக்கு மேல் ஒத்திவைத்த நாட்களும் கணக்கில் வராது. சனி, ஞாயிறு வரும். அண்மைய எடுத்துக்காட்டு, தடுப்புக் காவலில் இருந்தபடியே போட்டியிட்ட பஞ்சாப் எம்.பி. அம்ரித்பால் சிங். 2024-இல் வெற்றி பெற்று, காவலிலிருந்து தற்காலிகமாக வந்து ஜூலை 5-இல் உறுதிமொழி ஏற்றார். ஜூன் 24 முதல் ஜூலை 2 வரை 9 நாள், ஜூலை 22 முதல் ஆகஸ்ட் 9 வரை 19 நாள், நவம்பர் 25 முதல் டிசம்பர் 20 வரை 26 நாள், ஆக 54 நாள். இந்த 54 நாளுக்கும் 2025 மார்ச்சில் மக்களவை விடுப்பு அனுமதித்தது. விடுப்பு விண்ணப்பத்தைப் பரிசீலிக்க உறுப்பினர் வராமை பற்றிய குழு என்று தனியாக ஒன்று மக்களவையில் இருக்கிறது. அது பரிந்துரைக்கும், அவை ஏற்கும்.

பதவிக்காலம்: மக்களவைக்கு 5 ஆண்டு என்பது முதல் கூட்ட நாளிலிருந்து எண்ணுவது, தேர்தல் நாளிலிருந்து அல்ல. 18-ஆவது மக்களவை 2024 ஜூன் 24-இல் கூடியது. முன்கூட்டியே கலைக்காவிட்டால் 2029 ஜூன் 23-உடன் முடியும். ஆனால் சம்பளச் சட்டத்தில் உறுப்பினரின் காலம் வேறு நாளில் தொடங்குகிறது: தேர்தல் ஆணையம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 73-ஆவது பிரிவில் அறிவிக்கை வெளியிடும் நாள். இந்த முறை அது 2024 ஜூன் 6. உறுதிமொழி ஏற்காமல் அவையில் அமர்ந்தாலோ வாக்களித்தாலோ, 104-ஆவது பிரிவின்படி நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம்.

தண்டனையால் பதவி போவதும் உண்டு. 2 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விழுந்தால், 2013-இன் லில்லி தாமஸ் தீர்ப்புக்குப் பின் தகுதிநீக்கம் அந்த நாளிலேயே. மேல்முறையீட்டில் தண்டனையை மட்டும் நிறுத்திவைத்தால் போதாது. குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்திவைக்க வேண்டும். ராகுல் காந்திக்கு 2023 மார்ச் 23-இல் தீர்ப்பு, மறுநாள் தகுதிநீக்க அறிவிக்கை. ஆகஸ்ட் 4-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது, 7-ஆம் தேதி உறுப்பினர் பதவி திரும்பக் கிடைத்தது.

கூடலூரான்

இவ்வளவு பேசியதில் ஒரு வரி மட்டும் கண்ணில் படாமல் போய்விடக் கூடாது: உதவியாளருக்கு மாதம் 50,000.

தமிழ்நாட்டில் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்காளர் 6.23 கோடி, தொகுதி 39. சராசரியாகத் தொகுதிக்கு 16 லட்சம் வாக்காளர். அவர்களின் மனுக்கள், ரயில்வே கோரிக்கை, பாஸ்போர்ட், வெளிநாட்டில் சிக்கியவர் மீட்பு, இவை ஒருபுறம். மறுபுறம் வரவுசெலவுத் திட்டம், மானியக் கோரிக்கைகள், நிலைக்குழு ஆவணங்கள், முந்தின நாள் கையில் வரும் மசோதாக்கள். இத்தனைக்கும் அரசு ஒதுக்குவது ஒருவர், அதிகம் போனால் இருவரின் ஊதியம். ஒரு மசோதாவின் உட்பிரிவுகளைப் படித்துத் திருத்தம் எழுதித் தரத் தெரிந்த இளம் வழக்கறிஞர் டெல்லியில் இந்தத் தொகைக்கு நிலைத்திருக்க மாட்டார். விளைவு, வசதியான எம்.பி. சொந்தப் பணத்தில் ஆள் வைத்துக்கொள்கிறார். கட்சிப் பின்புலம் உள்ளவர் கட்சி ஆளை வைத்துக்கொள்கிறார். இரண்டும் இல்லாதவர் ஆளும் தரப்பு சொல்வதையோ எதிர்த்தரப்பு சொல்வதையோ அப்படியே வாசிக்கிறார்.

மின்சாரம் 50,000 யூனிட்டைப் பற்றி மக்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதைக் குறைத்து, அந்தப் பணத்தில் தகுதித் தேர்வு வைத்து எடுத்த ஆய்வாளர் ஒருவரை ஒவ்வோர் எம்.பி.க்கும் செயலகமே தரட்டும். துண்டறிக்கையில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கினால், ஊதியத்தைப் பற்றி உருப்படியான விவாதம் அங்கிருந்து தொடங்கும்.

பொருநை

கண்டிப்பாகச் சேர்க்கிறோம், அண்ணா. கடைசியாக ஒன்று: எங்கள் பக்கத்தில் எம்.எல்.ஏ. ஒருவர் மக்களவைக்கு நின்று ஜெயித்தால், இரண்டு சம்பளமும் வாங்கலாம் என்று ஒரு பேச்சு. இடைத்தேர்தலில் ஜெயித்தவருக்கு முழு 5 ஆண்டு உண்டா என்பதும் தெரியவேண்டும்.

மேசைத்தட்டு

இரண்டு பதவியும் சேர்ந்து இருக்கவே முடியாது. 1950-ஆம் ஆண்டு விதிகளின்படி, வெற்றி அரசிதழில் வெளியான நாளிலிருந்து 14 நாளுக்குள் எம்.எல்.ஏ. பதவியை விட்டுவிலக வேண்டும். விலகாவிட்டால் பறிபோவது எம்.எல்.ஏ. பதவி அல்ல, எம்.பி. பதவி. பலரும் தலைகீழாகச் சொல்வது இதைத்தான். சாசனத்தின் 101(2) பிரிவைப் பாருங்கள்.

இடைத்தேர்தலில் வந்தவருக்கு மிச்சக் காலம் மட்டுமே. இடம் காலியான ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும். மிச்சக் காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் நடத்த வேண்டியதில்லை. இடைத்தேர்தலில் வென்றவருக்குச் சம்பளக் காலம் தொடங்குவது, தேர்தல் நடத்தும் அலுவலர் அவர் வென்றதாக அறிவித்த நாளிலிருந்து. ஓய்வூதியம் அவருக்கும் அதே 31,000.